எந்த வயிறு

சேறு காய்ந்து புல் தலைகாட்டும் நாளில் தொலொக்-சூ என்ற எங்கள் மலையூரில் எசெனுக்கு ஒரு காலத்தில் ஏகக் கிராக்கி. ஆண்குதிரைகளுக்குக் காயடிக்க அவனை விட்டால் ஆளில்லை. கயிறு போட்டுக் குதிரையைச் சாய்ப்பான், முன்னங்காலோடு பின்னங்காலைச் சேர்த்துக் கட்டுவான், அது என்ன ஏதென்று யோசிப்பதற்குள் வேலையை முடித்துவிட்டுக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருப்பான். ஊர் ஆண்கள் வேலிக் கட்டைமேல் வரிசையாக ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

"டேய் எசென், இதோட கொட்டையப் பாருடா! நம்ம பஞ்சாயத்துத் தலைவருக்குக்கூட இவ்வளவு இருக்காது!"

"அவருக்கு இருந்திருந்தா ஊருக்கு ரோடு வந்திருக்குமே!"

பெண்கள் தேநீர்ப் பாத்திரத்தோடு நின்று சிரிப்பார்கள். கிடாவுக்குக் காயடித்த அன்று அதையே வெங்காயம் போட்டு வறுத்துப் பெரியவர்களுக்குப் பரிமாறுவதும் உண்டு. குதிரைக்கு, கிடாவுக்கு, காளைக்கு என்றால் எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. மனிதனுக்கு வந்தால்தான் வாய் பூட்டிக்கொள்ளும். ஓர் ஆணுக்கு இடுப்புக்குக் கீழே தொடைக்கு மேலே எங்கே நோவெடுத்தாலும் அதற்கு ஒரே பெயர், வயிறு. மீறிச் சொன்னால் 'உயாத்' என்பார்கள். வெட்கம், மானக்கேடு, ஊர்வாய் எல்லாம் சேர்ந்த சொல் அது. எங்கள் மலையில் அந்தச் சொல்லுக்குப் பயப்படுகிற அளவுக்கு ஓநாய்க்குக்கூட யாரும் பயப்படுவதில்லை.

எசென் என்றால் சுகம் என்று பொருள். பெயர் வைத்தவர்கள் நல்ல மனதோடுதான் வைத்திருப்பார்கள்.

அவனுக்குப் பத்தொன்பது வயதில் அது முதலில் வந்தது. முந்தைய நாள் முழுக்கக் குதிரைமேல் இருந்தபடியே அறுத்த ஆட்டின் உடலை ஒருவரிடமிருந்து ஒருவர் பறிக்கும் ஆட்டம் ஆடிவிட்டு அலுத்துத் தூங்கியவன், விடியற்காலையில் வலது பக்கம் யாரோ கயிறு கட்டி இழுப்பது போன்ற நோவில் விழித்தான். வாந்தி வந்தது. கை தானாகக் கீழே போனது. தொட்டதும் உயிர் போனது.

"என்னடா பண்ணுது?" என்றாள் அம்மா.

"வயிறும்மா."

"கொழுப்புக் கறியத் தின்னுட்டு மேல பச்சத்தண்ணியக் குடிச்சிருப்ப. சொன்னா கேக்கறியா நீ?"

உப்பை வறுத்துத் துணியில் கட்டி அடிவயிற்றில் ஒத்தடம் கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரிடமும் அவன் வயிறு என்றே சொன்னான். டாக்டர் வலது அடிவயிற்றை அமுக்கிப் பார்த்தார், எசென் துள்ளினான், குடல்வால் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மயிர் மழிக்க வந்த நர்ஸ் அவனுடைய அக்கா வயதுப் பெண். எசென் கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நானே மழித்துக்கொள்கிறேன், வெளியே போங்கள் என்று அழுதான். அவளுக்கும் அது வசதியாகப் போயிற்று. பிறகு மயக்க மருந்து, மேலே போர்வை, வயிற்றில் மட்டும் ஒரு சதுரம் திறந்து வைத்த துணி. ஒரு குறையும் இல்லாத குடல்வாலை வெட்டி எடுத்து ஒரு தட்டில் போட்டார்கள்.

காய்ச்சல் இறங்காமல் கிடந்தவனின் போர்வையை இன்னொரு டாக்டர் விலக்கிப் பார்த்தபோது வலது விதைப்பை ஆப்பிள் அளவு வீங்கிக் கறுத்திருந்தது. மறுபடி மேசை, மறுபடி கத்தி.

"வந்த அன்னிக்கே காட்டியிருந்தா காப்பாத்தியிருக்கலாம். சரி விடு, ஒண்ணு போதும். ஒத்தைக் கொட்டைக் குதிரைக்கும் குட்டி பொறக்குது இல்ல?" என்று சொல்லித் தோளில் தட்டிவிட்டுப் போனார் டாக்டர். குதிரை என்று ஒரு வேலி போட்டுக்கொண்டுதான் அவருக்கே அந்தச் சொல் வாயில் வந்தது. மிச்சமிருந்த இடது பக்கத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் செய்யவும் இல்லை. ஊருக்கு அம்மா சொன்ன செய்தி குடல்வால் ஆபரேஷன். வயிற்றில் தழும்பு இருந்ததால் எல்லாரும் நம்பினார்கள்.

சாயிராவைப் பெண் கேட்டுப் போன காலத்தில் அவனுக்கு உள்ளூர நடுக்கம். கல்யாணமான பிறகு ஒருநாள் வைக்கோல் போரடியில் வைத்து முகத்தைப் பார்க்காமல் அவளிடம் சொன்னான். அவள் ஒரு வைக்கோலைக் கிள்ளி எறிந்தாள்.

"ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறமென்ன. ஊருக்கே காயடிச்சவன் பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எசென் வாழ்க்கையில் அந்தச் சொல்லைப் பற்றி மனம்விட்டுச் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள், பெண்ணென்றால் ஒன்று, ஆணென்றால் ஒன்று.

இலையுதிர் காலத்தில் இருவரும் சாயிராவின் அப்பா வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள். மாமனார் ஷாம்பெத் மந்தைக்காரர், சொந்த ஜீப் உள்ளவர், நாலு பேர் நடுவில் குரல் உயர்த்திப் பேசுபவர். விடிந்ததும் எசென் போர்வையை விலக்கி எழுந்து வெளியே வந்து உறைபனி மேல் கால் வைத்தான். இடது பக்கம் அதே கயிறு அதே இழுப்பு இழுத்தது. அவனுக்கு ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"சாயிரா, அதேதான். இன்னொண்ணு. ஒடனே போகணும். தாமதமானா போச்சு."

சாயிரா ஓடினாள். ஷாம்பெத் முற்றத்தில் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்றாள். பெற்ற மகள் அப்பனிடம் அதை எப்படிச் சொல்வாள்?

"அப்பா, இவருக்கு வயித்து நோவு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ராத்திரி ஆட்டு வால்கொழுப்ப அந்த வெட்டு வெட்டினாரு. மேல பச்சத்தண்ணி குடிச்சாரா?" என்று கேட்டுவிட்டு ஷாம்பெத் சிரித்தார். "சரி, நானும் அந்தப் பக்கந்தான் போறேன். ஏறச் சொல்லு."

சாவகாசமாகத் தேநீர் குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். எசென் முன்னால் மடங்கி உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு குழியிலும் உயிர் ஒருமுறை போய் வந்தது. மாமனாரிடம் மருமகன் அதைச் சொல்வதா? வாயைத் திறந்தான், மூடினான். பின்சீட்டில் சாயிரா தலைத்துணி நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பாதி வழியில் சாலையோரம் ஒரு வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தது. வெளியே ஆண்கள் தடி ஊன்றி வரிசையாக நின்றார்கள். ஷாம்பெத்தின் பெரியப்பா மகன் செத்துப்போயிருந்தான். அவர் அந்தப் பக்கந்தான் போறேன் என்றது இதற்குத்தான்.

"மாமா, நிறுத்தாதீங்க. ஒங்க கால்ல விழறேன்."

"சாவு வீட்டத் தாண்டிப் போறதா? நாளைக்கு நான் செத்தா எவன் வந்து அழுவான்? வயித்து நோவுல எவனும் செத்ததில்ல மாப்ள. ரெண்டு நிமிஷம், எறங்கி அழுதுட்டுப் போயிடலாம்."

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போகிற ஆண்பிள்ளை வண்டியை விட்டு இறங்கும்போதே வாய்விட்டு அழுதுகொண்டு இறங்க வேண்டும். எவ்வளவு குனிந்து எவ்வளவு உரக்க அழுகிறானோ அவ்வளவு பாசம் என்று கணக்கு. ஷாம்பெத் கதவைத் திறந்து, "ஓ என் ஈரக்குலையே, என் மலையே!" என்று முறைப்படி தொடங்கினார். அந்தப் பக்கத்துக் கதவு திறந்ததும் எசென் இரண்டாக மடிந்து மண்ணில் விழுந்து அலறினான்.

வரிசையில் நின்றவர்கள் ஆடிப்போய்விட்டார்கள்.

"யாருப்பா இது?"

"ஷாம்பெத்தோட மருமவன்."

"அடடா! பொண்ணு எடுத்த வீட்டுச் சாவுக்கு இப்படி அழற மாப்பிள்ளைய நான் பார்த்ததேயில்ல."

"ஒனக்கும் ஒரு மருமவன் இருக்கானே, வந்ததும் கறி எங்கன்னு கேட்டான்."

அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். கையில் ஒரு தடியைக் கொடுத்து வரிசையில் நிற்க வைத்தார்கள். அவன் வாந்தி எடுத்தான், துக்கத்தில் குடல் புரட்டுகிறது என்றார்கள். "என்னை விடுங்க, நோவுது, நோவுது" என்றான். "நோகத்தான் செய்யும் தம்பி, ஒறவு போனா நோகாதா?" என்று ஒரு கிழவர் அவன் முதுகைத் தடவிக் கண்ணீர் விட்டார். சாயிராவைப் பெண்கள் கூடாரத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒப்பாரி சொல்ல.

ஷாம்பெத்துக்கு உள்ளூரப் பெருமை. மருமகன் அழுத அழுகையில் அவர் மதிப்பு ஏறிவிட்டிருந்தது. ரெண்டு நிமிஷம் என்றவர் ரொட்டி தொடாமல் போகக் கூடாது என்றார், ரொட்டிக்குப் பின்னால் கறி வந்தது, கறிக்குப் பின்னால் தேநீர் வந்தது. மதிப்புள்ள விருந்தாளிக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவார்கள், தீரத்தீர மறுபடி ஊற்றிக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான் மரியாதை. விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தால், 'போதும், எழுந்து போ' என்று அர்த்தம். எசென் வீட்டுக்குள் மெத்தைமேல் சுருண்டு கிடந்து கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். எவளாவது ஒருத்தி ஒரு கோப்பையை நிரப்ப மாட்டாளா என்று கடவுளைக் கேட்டான். அரை, அரை, அரை.

வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தபோது அவனுக்குள் ஏதோ அறுந்தது.

"என் கொட்டை முறுக்கிக்கிச்சுடா! வயிறில்ல! கொட்டை! இன்னொண்ணு ஏற்கனவே போயிடுச்சு! என்னத் தூக்கிட்டுப் போங்கடா பாவிங்களா!"

அறை செத்தவன் வீடு போல ஆனது, அதாவது அப்போதுதான் உண்மையாக ஆனது. மௌல்வி கையில் இருந்த எலும்பைக் கீழே வைத்தார். மூலையில் எவனோ மூக்கால் சிரித்தான்.

"உயாத்!" என்றார் ஷாம்பெத். தலையைக் குனிந்தவர் நிமிரவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. எழுந்தால் அந்தச் சொல் அவர் மருமகனுடையது என்று ஆகிவிடும்.

கூடாரத்திலிருந்து சாயிராதான் வந்தாள். ஆண்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் செருப்போடு நுழைந்து புருஷனைத் தோளில் தாங்கிக்கொண்டு வெளியேறினாள். சாவி வண்டியிலேயே இருந்தது. அவள் வைக்கோல் காட்டைத் தாண்டி வண்டி ஓட்டியதில்லை. அன்றைக்குக் கணவாய்ச் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டினாள்.

ஆஸ்பத்திரியில் இந்த முறை ஒரு இளம் பெண் டாக்டர். வயிற்றைத் தொடவே இல்லை, நேராகப் போர்வையை விலக்கினார். அரை மணிக்குள் அறுத்துத் திறந்து முறுக்கைப் பிரித்தார். வெதுவெதுப்பான ஈரத்துணி போர்த்தி நிறம் திரும்புமா என்று காத்திருந்து பார்த்தார். திரும்பவில்லை.

மறுநாள் அவன் கட்டிலோரம் உட்கார்ந்து அந்த டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "எல்லாருக்கும் அது பைக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே ஒட்டாம, மணியோட நாக்கு மாதிரி தொங்கும். அடிபடணும்னு இல்ல. குளிர் பட்டா, தூக்கத்துல புரண்டா, குதிச்சா, சுத்திக்கும். ரத்தக்குழாய் முறுக்கிக்கிட்டா ரத்தம் போகாது. ஆறு மணி நேரத்துக்குள்ள வந்தா பெரும்பாலும் காப்பாத்திடலாம். அதுக்கு மேல போகப்போகக் கஷ்டம்." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "ஒரு பக்கம் அப்படின்னா மறுபக்கமும் அப்படித்தான் இருக்கும். மொத தடவ எடுத்தவரே இத ரெண்டு தையல் போட்டு உள்ள பிடிச்சு வெச்சிருக்கணும்" என்றார்.

இரண்டு தையல். எசென் குதிரைகளுக்கே அதைவிட அதிகமாகப் போட்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு அவனுக்கு மாதாமாதம் ஊசி, ஆண் தன்மை வற்றாமல் இருக்க. ஒரு மாதம் மருந்து வராவிட்டால் தாடி மெலியும், எரிச்சல் வரும், உடம்பு ஊதும். பிள்ளைக்கு எந்த ஊசியும் இல்லை. பார்த்து வைத்த இரண்டு பெயர்களையும் அவர்கள் மறுபடி பேசவில்லை. காயடிக்கும் கத்தியைக் கிடங்கில் எறிந்துவிட்டான்.

ஊரின் நாசூக்கைச் சொல்லி மாளாது. அன்றைக்கு அந்த அறையில் காது கிழியக் கேட்டவர்கள் அத்தனை பேரும் கேட்காதவர்கள் ஆகிவிட்டார்கள். எசெனுக்கு வயிற்றில் இரண்டாவது ஆபரேஷன், அவ்வளவுதான். அப்படியானால் பிள்ளை ஏன் இல்லை? வேறு எவள் வயிறு, சாயிரா வயிறுதான். பெண்கள் அவளைப் புனித ஊற்றுக்குக் கூட்டிப்போனார்கள், மரத்தில் துணி கட்டச் சொன்னார்கள். அவளும் போனாள், கட்டினாள். எசென் கத்தினான்.

"நீ ஏண்டி போற? ஒன்கிட்ட என்ன கொறை? நான் போய்ச் சொல்றேன் எல்லார்கிட்டயும்."

"ஒரு தடவ சொன்னீங்களே, யாரு கேட்டா?" என்றாள் சாயிரா. "அப்பாகிட்ட வயிறுன்னு சொன்னது நான்தானே. அது என் வயித்தோடயே கெடக்கட்டும்."

அவனுக்கு அவளை அடிக்கவும் கட்டிப்பிடித்து அழவும் ஒரே நேரத்தில் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

வருஷங்கள் போயின. ஒரு வசந்தத்தில், மதிய நேரம், ஷாம்பெத் மகளுக்குப் போன் செய்தார். அவருடைய கடைக்குட்டி பெக்தூருக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் மல்யுத்தம் பழகிவிட்டு வந்தவன் சுருண்டு கிடக்கிறான்.

"வயித்து நோவும்மா. உங்கம்மா உப்பு ஒத்தடம் குடுத்துக்கிட்டிருக்கா. இருந்தாலும் ஒரு வார்த்த சொல்லலாம்னு..."

சாயிரா போனை எசென் கையில் வைத்தாள்.

"மாமா. எந்த வயிறு?"

"வயிறுதான் மாப்ள. வயித்துல எத்தன இருக்கு?"

"பையன்கிட்ட குடுங்க." கொடுத்தார். "பெக்தூர், எந்த வயிறுடா?"

"அத்தான்..." பையன் தேம்பினான். "கீழ அத்தான். அப்பாகிட்ட சொல்லாதீங்க."

எசென் பக்கத்து வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு பறந்தான். பையனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது மாமியார் வாசலில் ரொட்டியை நீட்டி மறித்தாள், நோயாளி ஒரு கடியாவது கடித்துவிட்டுத்தான் வீட்டைத் தாண்ட வேண்டும் என்று. மயக்க மருந்து கொடுக்க வேண்டிய வயிற்றில் ரொட்டியா? எசென் அவள் கையைத் தட்டிவிட்டான், ரொட்டி மண்ணில் விழுந்தது. எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. ஷாம்பெத் பதறிக் குனிந்து ரொட்டியை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தபோது கார் தெருமுனை தாண்டிவிட்டது.

காப்பாற்றிவிட்டார்கள். முறுக்கைப் பிரித்ததும் கண்ணெதிரே சிவந்தது என்றார்கள். இரண்டு பக்கமும் தையல் போட்டுப் பிடித்து வைத்தார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் எசெனுக்கு முதலில் வந்தது பொறாமை. வயிறெரிந்தது, இது உண்மையான வயிறு. சந்தோஷம் அதற்கப்புறம்தான் வந்தது, வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பையன் தேறியதும் ஷாம்பெத் ஆட்டை அறுத்து ஊரைக் கூட்டினார். எசெனை அறையின் மரியாதைக்குரிய இடத்தில் உட்கார வைத்தார். சாயிரா தேநீர்ப் பாத்திரத்தருகே உட்கார்ந்து அரைக் கோப்பை அரைக் கோப்பையாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடா ஆச்சு ஒனக்கு?" என்று ஒரு மாமன் பெக்தூரைக் கேட்டான்.

பையன் அப்பாவைப் பார்த்தான், எசெனைப் பார்க்கவில்லை. "வயித்து நோவு."

"கொழுப்பு மேல பச்சத்தண்ணி குடிச்சிருப்பான்" என்றார்கள் நாலு பேர். தலையாட்டினார்கள். ஷாம்பெத் இரண்டு கையையும் ஏந்தினார், எல்லாரும் ஏந்தினார்கள்.

"என் மகனோட வயித்து நோவத் தீர்த்த ஆண்டவன், என் மக வயித்தையும் தெறக்கட்டும். அவ வயித்துல ஒரு புள்ள தங்கட்டும். ஓமீன்."

"ஓமீன்" என்று அறை முழுக்க முகத்தைத் தடவிக்கொண்டது. சாயிராவும் தடவிக்கொண்டாள். எசென் கை மட்டும் முழங்காலிலேயே இருந்தது.

கனமான காரியம் முடிந்த தெம்பில் ஷாம்பெத் அவன் தொடையில் தட்டினார். "மாப்ள, நீங்க கத்திய விட்டதிலேர்ந்து எங்க குதிரைங்களக் கட்டி மேய்க்க முடியல. ரெண்டு குட்டி திமிறிக்கிட்டு நிக்குது. கறி தின்னுட்டு ஒரு கை பாத்துருங்களேன்."

"எதை எடுக்கணும் மாமா?"

"இதென்ன கேள்வி? கொட்டையத்தான்!"

எல்லாரும் ஓஹோ என்று சிரித்தார்கள். பெக்தூரும் சிரித்தான்.

"எவ்வளவு சுலபமா வருது ஒங்களுக்கு" என்றான் எசென். குரல் உயரவில்லை. "இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அன்னிக்கு ஒங்க ஜீப்புல எனக்கு வாய் வரல மாமா. இது வந்திருந்தா இப்ப ஒங்க பேரன் இங்க ஓடிக்கிட்டிருப்பான்."

சிரிப்பு நின்றது. "உயாத்" என்றார் ஷாம்பெத், தட்டைப் பார்த்துக்கொண்டு. யாரோ அவசரமாக மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

சாயிரா கையை நீட்டி அப்பாவின் கோப்பையை எடுத்தாள். விளிம்பு வரை நிரப்பினாள். சிந்தாமல் இரண்டு கையாலும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.